மச்சான் மாட்டிய டெலிவிஷன்

போன ஞாயிற்றுக்கிழமை ஒரு டெலிவிஷன் பெட்டியை இரண்டு கைகளாலும் கட்டிப்பிடித்தபடி தஞ்சோங் கிளிங் சாலையில் பயணம் செய்தேன். வேண்டுதல் எதுவும் இல்லை. என் மனைவியின் அண்ணன் ஒரு வேன் வாங்கியிருக்கிறார். அவ்வளவுதான் காரணம்.

அவர் பெயர் கோவிந்தன். ஜாலான் பெண்டஹாராவில் ஒரு துணிக்கடையில் வேலை. காலையிலிருந்து மாலை வரை சேலையை விரித்துக் காட்டி, மறுபடி மடித்து வைப்பவர். சாதுவான மனிதர். ஆனால் கையில் ஒரு ஸ்பேனர் கிடைத்துவிட்டால்... ஆளே வேறு.

மலாய் நாடு சுதந்திரம் அடைந்ததிலிருந்தே அவருக்கு இந்த வேகம். “வெள்ளக்காரன் போயிட்டான் மாப்பிள்ளை. இனிமே எல்லாத்தையும் நாமளே செஞ்சு பழகணும்” என்பார். அப்படி அவர் செய்து பழகிய சாமான்கள் எங்கள் வீட்டிலும் உண்டு. ஒரு நாற்காலி இருக்கிறது. அதில் யாரும் உட்காருவதில்லை. துணி போட்டு வைப்போம்.

வேன் புதியதல்ல. பழைய ரொட்டி வேன். பேக்கரிக்காரர் கழித்துக் கட்டியதை மச்சான் ஆசையாக வாங்கி வந்து, உள்ளே இரண்டு பலகைக் கட்டில் போட்டார். ஒரு மண்ணெண்ணெய் அடுப்பு வைத்தார். குடும்பத்தோடு கடற்கரைக்குப் போகலாம், அங்கேயே சமைக்கலாம், சாப்பிடலாம், படுக்கலாம் — சக்கரம் வைத்த வீடு.

“எல்லாம் இருக்கு மாப்பிள்ளை. ஒரே ஒரு குறைதான்.”

“என்ன மச்சான்?”

“டெலிவிஷன் இல்ல.”

அவர் கண் எதன்மேல் என்று எனக்கு அப்போதே புரிந்துவிட்டது. ஏனென்றால் டெலிவிஷன் எங்கள் வீட்டில் இருந்தது. காஜா பெராங்கில் எங்கள் சந்துக்கே முதல் டெலிவிஷன். சாயங்காலம் ஆனால் எங்கள் ஹாலில் கால் வைக்க இடம் இருக்காது. மல்யுத்தம் நடக்கிற நாளில் ஜன்னலுக்கு வெளியேயும் தலைகள் தெரியும். அதைப் போய்...

“கடற்கரையில கரண்டுக்கு எங்க போவீங்க மச்சான்?”

“என் கூட்டாளி வீடு அங்கதான் இருக்கு. அவன் வீட்டு ஜன்னல் வழியா ஒரு வயர் இழுத்துக்கலாம். ஏரியலுக்கு ஒரு மூங்கில் போதும்.”

“அப்படின்னா அவர் வீட்டுக்குள்ளயே உட்கார்ந்து பார்க்கலாமே?”

மச்சான் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

“அப்புறம் வேன் எதுக்கு?”

சமையல்கட்டிலிருந்து என் மனைவி சரோஜா குரல் கொடுத்தாள். “அண்ணன் ஆசப்படுது. ஒரு நாள்தானே, கொடுங்க. அண்ணன் மாட்டினா அசையாது.” என்னை நம்பி ஒரு காலண்டர் ஆணி அடிக்க விடாதவள் அவள்.

சனிக்கிழமை மச்சான் வேலையை ஆரம்பித்தார். ஒரு பட்டறையில் சொல்லி இரும்பில் தாங்கி செய்து வந்திருந்தார். பெட்டியை அடியில் ஏந்த இரண்டு கை, பக்கத்துக்கு ஒன்றாக அணைக்க இரண்டு கை, மேலே அமுக்க ஒரு பட்டை. குலுங்காமல் இருக்க அடியில் பழைய டயர் ரப்பர். வேனின் இடது பக்கப் பலகைச் சுவரில் துளை போட்டு, கட்டை விரல் தடிமனில் போல்ட்டுகளை நுழைத்து, வெளிப்புறம் இரும்புத் தகடு கொடுத்து நட்டை முறுக்கினார். முறுக்கியும் மனம் ஆறவில்லை. போல்ட்டின் முனைகளைச் சுத்தியலால் அடித்து மழுக்கினார். இனி அந்த நட்டை யாராலும் கழற்ற முடியாது.

“அப்ப எப்படி வெளிய எடுக்கிறது மச்சான்?” என்றேன்.

“முதல்ல விழாம இருக்கட்டும். எடுக்கிறத அப்புறம் பார்க்கலாம் லா.”

பிறகு சோதனை. டெலிவிஷனை வைப்பதற்கு முன்னால் அந்த இரும்பைப் பிடித்து மச்சானே தொங்கினார். அவர் எடை இரண்டு டெலிவிஷன் தேறும். இரும்பு அசையவில்லை. “நீங்களும் வாங்க” என்றார். நானும் தொங்கினேன். அப்படி நாங்கள் இரண்டு பேரும் கால்களை மடக்கிக்கொண்டு தொங்குகிற நேரத்தில் பக்கத்து வீட்டு நடராஜா வேனுக்குள் எட்டிப் பார்த்தார். அவர் தலைமுறை தலைமுறையாக இந்த ஊரிலேயே ஊறிப்போன செட்டி குடும்பம். தமிழ்ப் பெயர், பேச்சு மட்டும் மலாய்.

“புவாட் அபா?” என்று கேட்டார். என்ன செய்கிறீர்கள் என்று.

“டெஸ்ட்” என்றார் மச்சான், தொங்கியபடியே.

நடராஜா மேற்கொண்டு எதுவும் கேட்காமல் போய்விட்டார். நல்ல அண்டை வீட்டுக்காரர்கள் அமைவது ஒரு கொடுப்பினை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கிளம்பினோம். மச்சான் ஓட்ட, சரோஜா அவர் பக்கத்தில் சாப்பாட்டுத் தூக்குடன் உட்கார்ந்தாள். நான் பின்னால், டெலிவிஷனோடு. முதல் மேட்டில் வேன் குலுங்கியதுமே எழுந்து அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். மச்சான் கண்ணாடியில் பார்த்துவிட்டார்.

“என்ன மாப்பிள்ளை, நம்பிக்கை இல்லையா?”

“சும்மா சாய்ஞ்சுக்கிட்டு வர்றேன் மச்சான்.”

சரோஜா திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு, ‘எங்க அண்ணனையா?’ என்று அர்த்தம். அதற்காகக் கையை எடுத்துவிட முடியுமா? அவளுக்கு அண்ணன் முக்கியம். எனக்கு மல்யுத்தம் முக்கியம்.

ஆனால் நாங்கள் யாரும் நினைத்துப் பார்க்காத ஒரு விஷயம் இருந்தது. வேனை வாங்கி உள்ளே எல்லாவற்றையும் மாற்றிய மச்சான், வெளியே ஒன்றையும் மாற்றவில்லை. பக்கவாட்டில் பெரிய ரொட்டிப் படம். பழைய ஹாரன். பார்க்கிறவர்களுக்கு அது இன்னும் ரொட்டி வேன்தான்.

வழியெல்லாம் கை காட்டினார்கள். சின்னப் பிள்ளைகள் காசோடு ஓடி வந்தார்கள். ஒரு அம்மா வாசலில் நின்று வேனைத் திட்டியது எனக்கே கேட்டது. மச்சான் எல்லாருக்கும் பதிலுக்குக் கை ஆட்டிவிட்டு ஓட்டினார். கடைசியில் ஒரு வளைவில் ஒரு மலாய்க்காரப் பெரியவர், இன்று ரொட்டி வாங்காமல் விடுவதில்லை என்ற முடிவோடு, சாலைக்கே இறங்கிக் கையை நீட்டிவிட்டார்.

மச்சான் பிரேக்கை மிதித்தார்.

வேன் நின்றது. டெலிவிஷனும் நின்றது, இரும்புக் கைகளுக்குள் சொகுசாக. எனக்கே வெட்கமாகிவிட்டது. இவ்வளவு உறுதியான வேலையைப் போய்ச் சந்தேகப்பட்டோமே என்று நினைத்து முடிப்பதற்குள், தலைக்கு மேலே ஒரு ஆணி பிடுங்குகிற சத்தம் கேட்டது. அப்புறம் இன்னொன்று. அப்புறம் வரிசையாக.

டெலிவிஷன் சுவரை விடவில்லை. சுவர்தான் வேனை விட்டது.

ஒரேயடியாக விழவில்லை. மேல்பக்கம் பிரிந்து, அடிப்பக்கம் ஒட்டிக்கொண்டிருக்க, பெட்டி மூடி திறப்பது போல நிதானமாக வெளிப்பக்கம் சாய்ந்தது. சுவரோடு டெலிவிஷன். டெலிவிஷனோடு நான். கையை விட்டிருக்கலாம் என்று இப்போது எழுதும்போது தோன்றுகிறது. அப்போது தோன்றவில்லை. சாலையோரம் லாலான் புல் மண்டிய மேடு ஒன்று இருந்தது. சுவர் அதன்மேல் போய்ச் சாய்ந்து நின்றது. டெலிவிஷன் வானத்தைப் பார்த்தபடி கிடந்தது. அதன்மேல் குப்புற நான்.

இரண்டு பேரும் ஓடி வந்தார்கள். அண்ணன் நட்டுகளைத் தொட்டுப் பார்த்தார். தங்கை என்னைத் தொட்டுப் பார்த்தாள்.

“எங்கயாச்சும் அடிபட்டுச்சா? கைய மடக்குங்க பார்ப்போம்” என்றாள். முழங்கையில் சிராய்ப்பு, அவ்வளவுதான். ஆனால் அவள் டெலிவிஷன் பக்கம் திரும்பவே இல்லை. உண்மையைச் சொல்கிறேன், அந்தப் போட்டியில் நான் ஜெயிப்பேன் என்று நான் நினைத்திருக்கவில்லை.

மச்சான் எழுந்து நின்றார். முகத்தில் அப்படி ஒரு நிறைவு.

“பாத்தீங்களா மாப்பிள்ளை, ஒரு நட்டுகூட லூஸ் ஆகல.”

அதற்குள் பெரியவர் பக்கத்தில் வந்துவிட்டார். வேனைப் பார்த்தார். சுவரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு மெதுவாக, “ரொட்டி அடா?” என்று கேட்டார். ரொட்டி இருக்கிறதா?

முதலில் சிரித்தது சரோஜாதான். தரையில் உட்கார்ந்து, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். அப்புறம் மச்சான். அப்புறம் எதற்கென்றே தெரியாமல் பெரியவரும். ரொட்டி இல்லை என்பதால் அவருக்குப் புளிச்சோறும் நெத்திலி சம்பலும் போட்டுக் கொடுத்தோம். நாங்களும் வேனுக்குள்ளேயே கட்டிலில் உட்கார்ந்து சாப்பிட்டோம். சுவர் இல்லாத பக்கத்தில் தென்னை மரங்கள் தெரிந்தன. கடல் காற்று அங்கே வரைக்கும் வந்தது.

“சுவர் இருந்திருந்தா இந்தக் காத்து வருமா?” என்றாள் சரோஜா. மச்சான் அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டார்.

ஒட்டிக்கொண்டிருந்த அடிப்பக்கத்தையும் பிடுங்கி, அந்த வழியாக வந்த ஒரு காய்கறி லாரியில் சுவரைப் படுக்க வைத்து வீட்டுக்குக் கொண்டு வந்தோம். நடராஜாவும் சந்துக்காரர்களும் சேர்ந்து உற்சவ மூர்த்தியைத் தூக்குவது போலத் தூக்கி ஹாலில் நிறுத்தினார்கள். கழற்றத்தான் வழி இல்லையே. அப்படியே வயரைச் சொருகினேன். படம் வந்தது. முன்பு அடிக்கடி மேலே ஓடிக்கொண்டிருந்த படம், இப்போது ஓடாமல் நிற்கிறது. விழுந்ததில் எதுவோ சரியாகியிருக்க வேண்டும்.

பலகையை அறுத்து எடுத்துவிடலாமா என்று கேட்டேன். “அறுக்கலாம். ஆனா பிடிப்பு போயிடும்” என்றார் மச்சான்.

யோசித்துப் பார்த்தால் மச்சானை மட்டும் சொல்லி என்ன பயன்? கல்யாணமாகட்டும், சங்கமாகட்டும், நாம் எல்லாருமே நட்டைத்தான் முறுக்குகிறோம். அது எதில் மாட்டியிருக்கிறது என்று தட்டிப் பார்ப்பவர் யார்?

எல்லார் வீட்டு ஹாலுக்கும் நான்கு சுவர். எங்களுக்கு ஐந்து — ஐந்தாவதில் ரொட்டிப் படம் போட்டிருக்கும்.