ஒரு நாற்காலி, ஒரு மின்விசிறி

என் அண்ணன் தையல் மெஷின் ரிப்பேர் செய்பவர். தெருவில் அவரை ‘எண்ணெய்’ என்றுதான் சொல்வார்கள். எந்த மெஷினைத் தொட்டாலும் முதலில் எண்ணெய் விடுவார். எந்தச் சட்டையைப் போட்டாலும் சாயங்காலத்துக்குள் அதிலும் எண்ணெய் இருக்கும். அந்தச் சட்டைகளைத் துவைக்கிற உரிமையில் சொல்கிறேன், பெயர் கச்சிதம். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்டால், “நாள் பூரா கடகடன்னு சத்தம் கேக்கறேன், வீட்லயும் ஒண்ணு வேணுமா?” என்பார். மாடியில் நானும் என் வீட்டுக்காரரும், கீழே ஒற்றை அறையில் அவரும் அவர் பட்டறையும். ஐம்பது வயதாகியும் நான் அவருக்கு இன்னும் பாப்பாதான்.

அவரிடம் ஒரு பழக்கம் உண்டு. ரிப்பேர் முடிந்ததும் மெஷினுக்குச் சொந்தக்காரி அவர் முன்னால் உட்கார்ந்து, ஒரு துண்டுத் துணியில் ஒரு சாண் நீளம் தையல் ஓட்டிக் காட்ட வேண்டும். அண்ணன் அதை இரண்டு பக்கமும் பிடித்து இழுத்துப் பார்ப்பார். பிரியவில்லை என்றால் துணியை நோட்டில் குத்திவைத்துவிட்டு, அப்புறம்தான் கையை நீட்டுவார். பார்ட்ஸ்கூடத் தன் கைக்காசில் வாங்கிப் போட்டு, கடைசியில் சேர்த்து வாங்கிக்கொள்வார். முன்பணம் என்ற பேச்சுக்கே இடமில்லை. “ஓடாத மெஷினுக்குக் காசு வாங்கினா அது திருட்டு” என்பார். இந்த வீம்பை முப்பது வருஷமாகப் பார்த்து எனக்குப் புளித்துப்போயிருந்தது.

ஆறு கரையை உடைத்துக்கொண்டு தெருவுக்குள் வந்த அன்று கீழ் அறையில் மார்பளவு தண்ணீர். ரிப்பேருக்கு வந்திருந்த பதினோரு மெஷின்களும் மூன்று நாள் சேற்றில் கிடந்தன. அதில் ஒன்று என்னுடையது. அண்ணன் ஸ்பானர் பெட்டியையும் அந்த நோட்டையும் மட்டும் தலையில் வைத்துக்கொண்டு மாடி ஏறி வந்தார். தண்ணீர் வடிந்ததும் ஒவ்வொரு மெஷினாகக் கழற்றி, துருவேறிய பாகங்களைப் பதினோரு டப்பாக்களில் தனித்தனியாகப் போட்டு வைத்தார். அவற்றுக்குப் பதில் புதுசு வாங்க வேண்டும். அவர் கையிருப்போ இரண்டு மெஷினுக்குக்கூடக் காணாது. அடுத்த மாதம் பள்ளிக்கூடம் திறக்கிறது, சீருடை தைத்துக் கொடுக்கிறோம் என்று மெஷினுக்குச் சொந்தக்காரிகள் நாங்கள் பதினோரு பேரும் ஒப்புக்கொண்டிருந்தோம்.

உதவி வராமல் இல்லை. முதல் லாரியில் ஆளுக்கொரு கம்பளியும் ஒரு பக்கெட்டும் வந்தன. இரண்டாவது லாரியில் பக்கெட். மூன்றாவதிலும் பக்கெட். வீட்டுக்குள் வந்த தண்ணீரை அள்ளிக் கொட்டி இடுப்பு ஒடிந்து கிடக்கிற எங்களிடம் இன்னும் எதை அள்ளச் சொல்கிறார்கள் என்று புரியவில்லை.

பிறகுதான் அரசாங்கம் அறிவித்தது: நஷ்டத்தைக் கணக்கெடுத்து, வீட்டுக்கு இவ்வளவு என்று பணமாகவே வங்கியில் போடப்போகிறார்களாம். எனக்கு மூச்சு வந்தது. அண்ணனுக்குப் பிடிக்கவில்லை.

“சும்மா காசைக் கொடுத்தா ஜனங்க கெட்டுப்போயிடுவாங்க பாப்பா. பொருளாக் கொடுக்கறதுதான் நல்லது.”

“எது, நாலாவது பக்கெட்டா?” என்றேன்.

கணக்கெடுக்க ஒரு இளம் அதிகாரி வந்தாள். என் நேரம், நான் அப்போது குடிதண்ணீர் வரிசையில் நின்றிருந்தேன். திரும்பி வந்து கேட்டால், தன் நஷ்டம் ‘ஒரு நாற்காலி, ஒரு மின்விசிறி’ என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார் மகானுபாவர்.

“பதினோரு மெஷின் கண்ணுக்குத் தெரியலையா?”

“அது என்னுது இல்லையே. அவங்கவங்க எழுதிக்குவாங்க.”

“உங்க தொழில் படுத்துக் கிடக்கே, அது யாருது?”

“தொழிலை யாரும் தூக்கிட்டுப் போகலையே.”

கத்தினேன். அழுதேன். நடந்தது நடந்துவிட்டது. நஷ்டம் குறைவு என்று பட்டியலில் அவர் பெயர் வரவில்லை. மறுநாள் அவர் நிதானமாக இன்னொரு குண்டைத் தூக்கிப் போட்டார். நூறு மைல் தள்ளி ஏதோ ஒரு குடோனுக்குக் காவலாள் வேண்டுமாம். திங்கட்கிழமை கிளம்புகிறாராம். ஆறு மாதச் சம்பளத்தைச் சேர்த்து, பார்ட்ஸ் வாங்கி வந்து எல்லா மெஷினையும் சரிசெய்து தருவாராம். அறுபதை நெருங்குகிற மனுஷன், ஒரு தும்மல் வந்தால் ஒரு வாரம் படுப்பவர், குடோன் வாசலில் நிற்கப் போகிறார்! எங்கள் சீருடை ஆறு மாதம் காத்திருக்குமா?

வியாழக்கிழமை என் கணக்கில் பணம் விழுந்தது. வங்கி வாசலிலேயே அழுதுவிட்டேன். யாரிடமும் பல்லைக் காட்டாமல், யார் வாசலிலும் நிற்காமல் கைக்கு வந்த பணம் அது. நேராகக் கொண்டுபோய் அண்ணன் முன்னால் வைத்தேன்.

“தையல் ஓடட்டும், அப்புறம் வாங்கிக்கறேன்.”

“பார்ட்ஸ் இல்லாம எப்படி ஓடும்?”

“அதுக்குத்தானே குடோனுக்குப் போறேன்.”

பக்கத்து வீட்டுக் காலர் அக்காவும் தன் பணத்தை நீட்டிப் பார்த்தார். சட்டைக் காலர் தைப்பதில் அவரை அடிக்க ஆளில்லை, அதனால் அந்தப் பெயர். அவருக்கும் இதே பதில். மற்றவர்களுக்கும் இதே பதில். எனக்கு வந்த கோபத்துக்கு அந்த மூன்று பக்கெட்டையும் அவர் தலையில் கவிழ்த்திருப்பேன்.

காலர் அக்காதான் யோசித்துச் சொன்னார். “அவரு காசுதானே வாங்க மாட்டாரு? பார்ட்ஸ் வாங்க மாட்டேன்னு சொல்லலையே?”

சனிக்கிழமை காலை, அண்ணன் குளிக்கப் போன நேரத்தில் பதினோரு டப்பாக்களையும் கிளப்பிக்கொண்டு போனோம். பஸ் ஏறி, பெரிய கடைக்குப் போய், அவரவர் டப்பாவை அவரவர் திறந்தோம். கடைக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, “என்னம்மா, சாப்பாடு கெட்டுப்போச்சா?” என்றார். ஒருத்திக்கு பாபின் கேஸ், ஒருத்திக்கு ஷட்டில், எனக்கு இரண்டும் ஒரு பெல்ட்டும். எந்த அதிகாரி உட்கார்ந்து யோசித்தாலும் இதையெல்லாம் ஒரு லாரியில் ஏற்றி அனுப்பியிருக்க முடியாது. எங்களுக்கு என்ன வேண்டும் என்று எங்களுக்குத்தான் தெரியும். அதை நம்பிக் கையில் பணத்தைக் கொடுத்த அந்த முகம் தெரியாத புண்ணியவான் நன்றாக இருக்கட்டும்.

திரும்பி வந்தபோது அண்ணன் பை கட்டி முடித்திருந்தார். டப்பாக்களை மேஜையில் வரிசையாக வைத்தோம்.

“யாரு காசு இது?”

“அவங்கவங்க மெஷின், அவங்கவங்க பார்ட்ஸ்,” என்றேன். “மாட்டித் தர்றதுக்குக் கூலி, தையல் ஓடினப்புறம் வாங்கிக்குங்க. உங்க சட்டம் உங்களுக்கு.”

ஒவ்வொரு டப்பாவாகத் திறந்து பார்த்தார். பிறகு சலவைச் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு எண்ணெய்ச் சட்டையைப் போட்டுக்கொண்டார். என் வாழ்க்கையில் ஒரு அழுக்குச் சட்டையைப் பார்த்து நான் சந்தோஷப்பட்டது அன்றைக்குத்தான்.

திங்கட்கிழமை மதியம் முதல் மெஷின் தயார். அவர் ஏற வேண்டிய பஸ் அதற்குள் போயிருந்தது. தையல் ஓட்டிப் பார்க்கப் பட்டறையில் சேறு படாத துண்டுத் துணி இல்லை. கடைசியில் நிவாரணக் கம்பளியை வெட்டினோம். பெயருக்குத்தான் அது கம்பளி, ஊதினால் பறக்கும். காலர் அக்கா உட்கார்ந்து மிதித்தார். தையல் பிசகாமல் ஓடியது. அண்ணன் இழுத்துப் பார்த்தார், நோட்டில் குத்தினார், கையை நீட்டினார். அந்த வாரத்தில் பதினோரு தடவை நீட்டினார்.

சீருடை வேலை பாதி முடிந்திருந்தபோது அந்த அதிகாரி மறுபடியும் வந்தாள். விடுபட்டவர்களைச் சேர்த்துக்கொள்கிறார்களாம். இந்தத் தடவை நான் நகரவில்லை.

“உங்க பேரு லிஸ்ட்ல இல்ல சார். நஷ்டத்தைக் கொஞ்சம் யோசிச்சுச் சொல்லுங்க.”

அண்ணன் யோசித்தார். “ஒரு நாற்காலி. ஒரு மின்விசிறி.”

நான் தலையில் அடித்துக்கொண்டேன்.

“ஆனா பணம் வந்துச்சும்மா,” என்றார் அவர்.

அவள் தாள்களைப் புரட்டினாள். “உங்களுக்குப் போகலையே சார்?”

“எனக்குன்னு அனுப்பலை. பதினோரு வீட்டுக்கு அனுப்பினீங்க, அந்தப் பதினோரு வீடும் சுத்தி என்கிட்ட வந்துச்சு. சும்மா கொடுத்தா ஜனங்க கெட்டுப்போவாங்கன்னு சொல்லிட்டிருந்தவன் நான். ஒருத்திகூடக் கெட்டுப்போகலைம்மா. நான்தான் பொழைச்சேன்.”

அவள் கையிலிருந்த படிவத்தை வாங்கினார். கீழே ‘குறைகள் இருப்பின்’ என்று ஒரு கட்டம் இருந்தது. அதில் ‘பணம் வந்து சேர்ந்தது, நன்றி’ என்று எழுதினார்.

“சார், அது புகார் எழுதற இடம்.”

“வேற இடம் விடலையேம்மா நீங்க.”

பிறகு நோட்டைத் திறந்து, குத்தியிருந்த கம்பளித் துண்டுகளில் ஒன்றை எடுத்துப் படிவத்தோடு சேர்த்துக் குத்தினார். முப்பது வருஷத்தில் அந்த நோட்டிலிருந்து ஒரு துண்டை அவர் யாருக்கும் கொடுத்ததில்லை.

“இது நீங்க கொடுத்த கம்பளிதான். இழுத்துப் பாரும்மா.”

அவள் என்னைப் பார்த்தாள். இழு என்று தலையாட்டினேன். இரண்டு பக்கமும் பிடித்து இழுத்தாள். தையல் பிரியவில்லை.