அக்கா காகத்துக்கு வைத்த சோறு

எங்கள் அக்கா சாவகச்சேரியில் மூத்த பிள்ளையாகப் பிறந்தார். எனக்கு நினைவு தெரியுமுன்னே அம்மா இறந்துவிட்டார். தலைவாரி, சோறூட்டி என்னை ஆளாக்கியது அக்காதான். முதலில் ரொறன்ரோ வந்து, மல்வேர்னில் தொடர்மாடி வீடு எடுத்து, ஆஸ்பத்திரி லோன்றியில் ஈரத்துணி சுமந்து, என்னையும் கூப்பிட்டுக் கரைசேர்த்தார். பொறுமைசாலி, இரக்கமுள்ளவர் என்று அக்காவின் இந்த நினைவு மலரில் மற்றவர்கள் எழுதியதெல்லாம் உண்மை. அவர் எனக்குச் செய்த வஞ்சகத்தை நான்தான் எழுத வேண்டும்.

நான் ஏழு மாதக் கர்ப்பிணியாக இருந்தபோது அக்கா பல்கனியில் காகத்துக்குச் சோறு வைக்கத் தொடங்கினார். சனிக்கிழமை மட்டுமல்ல, எல்லா நாளும்.

"எனக்கு ஏழரைச் சனியடி. காகத்துக்கு வைச்சால் கொஞ்சம் தணியும்" என்றார்.

சனி என்றால் நம்மில் யார் மேற்கொண்டு கேள்வி கேட்பார்கள்? நம்பினேன். ஒருநாள் வாழைக்காய், பூசணி, வடை, பாயசம் என்று ஊரில் இருந்த அப்பாவுக்குப் பிடித்ததெல்லாம் சமைத்தார். எனக்கு வாய்க்கு ருசியாகத்தான் சமைக்கிறார் என்று நினைத்து, திரும்பத் திரும்பக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

பிள்ளை பிறந்தபின் அக்காவோடு வேலை செய்த டோறின் பார்க்க வந்தார். வடக்கு ஒன்ராறியோவைச் சேர்ந்த ஒஜிப்வே பூர்வகுடிப் பெண். பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு, உன் அப்பா இதைப் பார்க்காமல் போய்விட்டாரே என்று ஆங்கிலத்தில் துக்கம் விசாரித்தார். எனக்குத் தெரியாது என்பது அவருக்குத் தெரியாது.

நான் ஏழு மாதமாக இருந்தபோதே, அப்பா போரில் இடம்பெயர்ந்து போன இடத்தில் இறந்திருந்தார். டெலிபோன் அக்காவுக்கு வந்திருந்தது. என் கணவருக்கும் தெரியும். நான் ருசித்துச் சாப்பிட்டது அப்பாவின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சாப்பாடு. அன்று காகம் வரவேயில்லையாம், ஒரு புறாதான் வந்து கொத்தியதாம். அப்பாவுக்கு ஏதோ மனக்குறை என்று அக்கா லோன்றியில் அழுதிருக்கிறார். தன் ஒஜிப்வே வீட்டுப் பெரியவர்களும் இறந்தவர்களுக்கென்று ஒரு தட்டுச் சாப்பாடு வெளியே வைப்பார்கள், வேண்டுதலைக் கழுகு மேலே கொண்டுபோகும் என்பார்கள், வந்த பறவையைக் குறை சொல்லாதே என்று டோறின் தேற்றியிருக்கிறார். டோறினுக்குத் தெரியும், புறாவுக்கும் தெரியும், பெற்ற மகளுக்குத் தெரியாது.

"ஏனக்கா சொல்லேல்லை?"

"முதல் பிள்ளை தங்கேல்லை. சொல்லியிருந்தால் இதாவது தங்கியிருக்குமோ?"

"அப்பாவுக்கு அழவாவது என்னை விட்டிருக்கலாமே!"

"உனக்கும் சேர்த்து நான் அழுதனான்."

அதைத்தான் என்னால் இன்னும் மன்னிக்க முடியவில்லை. என் அழுகையை அழ அவர் யார்?

பிற்காலத்தில் தனக்கு வந்த நோயை அக்கா எனக்கு மறைக்கவில்லை. "ஒளிச்சால் நீ என்னைக் கொன்றுபோடுவாய்" என்று சிரித்தார். மன்னிப்பு மட்டும் கடைசிவரை கேட்கவில்லை.

அவருடைய அந்தியேட்டியன்று பல்கனியில் நான் சோறு வைத்தேன். காகம் வரக்கூடாது, என்னைப் பற்றி ஒரு குறையாவது அக்காவுக்கு இருக்க வேண்டும் என்று பார்த்து நின்றேன். கையை எடுக்குமுன் வந்துவிட்டது.

"பாத்தியோ, உன்ரை அக்காவுக்கு ஒரு குறையுமில்லை" என்றார் மாமி.

"அவவுக்கு இல்லை மாமி. எனக்கல்லோ இருக்கு" என்றேன்.

ஆஸ்பத்திரிக்கு மாறி மாறி ஓடிய உறவுகளுக்கும், மிசிசாகாவிலிருந்து சாப்பாடு கொண்டுவந்தவர்களுக்கும், கிரியைகள் செய்த ஐயருக்கும், அக்காவின் கண்ணீரைத் துடைத்த டோறினுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. அக்கா போன செய்தியை, சுற்றிவளைக்காமல், எல்லோருக்கும் முன்னே என்னிடம் சொன்ன தாதிக்கு என் தனி நன்றி. இந்த முறை என் அழுகையை நானே அழுதேன்.