பெட்டிமேல் எழுதியிருந்த அளவு

என் தங்கை மகளை வீட்டில் யாரும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. நத்தை என்றுதான் சொல்வோம். அவள் அண்ணன்மார் வைத்தது. கையில் எடுத்த வேலையைத் தடவித் தடவித்தான் முடிப்பாள். கட்டிக்கொண்டவன் கல்யாண வீடியோ எடுக்கிறவன். அவன் ஓடி ஓடி எடுத்து வருவான். இவள் முன்னறையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து வெட்டி, ஒட்டி, பாட்டுச் சேர்த்துக் கொடுப்பாள்.

அவனுக்குப் பேர் வைக்கத் தெரியாது. எடுத்து வந்ததை எல்லாம் கல்யாணம், கல்யாணம் புதுசு, கல்யாணம் ரொம்பப் புதுசு என்று போட்டு வைப்பான்.

"ஏங்க, இதைவிடப் புதுசா ஒண்ணு வந்தா என்னன்னு வைப்பீங்க?"

"நத்தைன்னு வைக்கிறேன். அதானே எல்லாத்துக்கும் பின்னால வரும்."

காய்ச்சல் என்று படுத்தவன் எழுந்திருக்கவே இல்லை. நாற்பதுகூட ஆகாத வயசு.

அவன் போன பிறகு அந்த வீட்டில் மிஞ்சியது இவளும் மாமியாரும்தான். அந்தச் சம்பந்தியம்மாவுக்குக் காது சுத்தமாகக் கேட்காது. உதடு அசைவதை வைத்துப் புரிந்துகொள்வாள். அப்புறம் அவன் ஹார்ட் டிஸ்க் ஒன்று. அதில் இன்னும் முடித்துக் கொடுக்காத ஏழு கல்யாணங்கள். வேறெங்கும் நகல் கிடையாது. மூலையில் சொந்தச் சமாசாரம் இரண்டு. ஒன்று இவர்கள் கல்யாண வீடியோ. சிநேகிதன் ஒருத்தன் எடுத்தது, தொடக்கம் முதல் முடிவு வரை பாட்டு ஓடும். மாப்பிள்ளை வாய் அசையும், குரல் வராது. இன்னொன்றுக்கு அவன் வைத்த பேர் 'சும்மா'. புது லென்ஸ் வந்தால் முதலில் இவளைத்தான் எடுத்துப் பார்ப்பான். அதில் இவள்தான் தெரிவாள். அவன் தெரியமாட்டான், சீண்டுகிற குரல் மட்டும் கேட்கும்.

ஒருநாள் அந்த டிஸ்க் டிக் டிக் என்று சத்தம் போட ஆரம்பித்தது. கம்ப்யூட்டர் மெக்கானிக்கை போனில் கூப்பிட்டாள்.

"போகப்போகுது தங்கச்சி. உடனே நிறுத்து. புதுசு வாங்கிட்டு வந்தப்புறம்தான் திரும்பப் போடணும். போட்டா நடுவுல நிறுத்தாத. அடுத்த தடவை எந்திரிக்குமான்னு சொல்ல முடியாது."

நிறுத்துவதற்கு முன்னால் இவள் அதன் அளவைப் பார்த்துக்கொண்டாள். தொள்ளாயிரத்து முப்பத்தொரு ஜிபி என்று காட்டியது, கழுத்துவரை நிறைந்திருந்தது. கடையில் ஒரு பெட்டிமேல் தொள்ளாயிரத்து அறுபது என்று போட்டிருந்தது. தாராளமாகப் போதும் என்று வாங்கி வந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில், நானும் போயிருந்தபோது, இரண்டையும் மாட்டினாள். புதுசின் அளவைக் கம்ப்யூட்டர் எண்ணூற்றுத் தொண்ணூற்று நாலு என்றது. இடம் பற்றாது என்று நின்றுவிட்டது.

"அண்ணா, என்னை ஏமாத்திட்டாங்க."

மெக்கானிக் எங்கேயோ பஸ்ஸில் இருந்தான். "யாரும் ஏமாத்தல. கம்பெனிக்காரன் ஆயிரம் ஆயிரமா எண்ணிப் பெட்டியில போடுவான். கம்ப்யூட்டர் ஆயிரத்து இருபத்து நாலை ஒரு கட்டுன்னு எண்ணும். கட்டு பெருசானா எண்ணிக்கை குறையும்ல? உன் பழசும் பெட்டியில ஆயிரம்னுதான் வந்திருக்கும். நீ கம்ப்யூட்டர் சொன்ன நம்பரைக் கொண்டுபோய்ப் பெட்டி நம்பரோட வச்சுப் பார்த்துட்ட."

எனக்கு இது பிடிபட்டது. நான் இவளுக்குப் பெரியம்மா, இவள் மாமியாருக்குச் சம்பந்தி. நிற்கிற ஆள் ஒருத்திதான். யார் கூப்பிடுகிறார்கள் என்பதைப் பொறுத்து அழைப்பு மாறுகிறது. ஆனால் புரிந்து என்ன செய்ய? கடைகள் எல்லாம் பூட்டிக் கிடந்தன. வீட்டுக் கம்ப்யூட்டரிலும் போனிலும் இடமில்லை. பழசு சுற்ற ஆரம்பித்துவிட்டது.

"முக்கியமானதை எடு," என்றான் மெக்கானிக். "மிச்சம் நாளைவரைக்கும் தாங்கினா உன் அதிர்ஷ்டம்."

ஒன்பதில் ஒன்றுக்கு மட்டும் இடம் பற்றவில்லை. அடுத்தவர் கல்யாணத்தைத் தூக்கி எறிய இவளுக்கு மனசு வரவில்லை. கேட்காமலே ஒன்றைத் தள்ளியிருக்கலாம். மாமியாருக்குத் தெரியவே போவதில்லை. இவள் எழுந்துபோய் அந்த அம்மாவைக் கைபிடித்துக் கூட்டி வந்து திரைக்கு முன்னால் உட்காரவைத்தாள்.

"அத்தை, ஒண்ணைத்தான் காப்பாத்த முடியும். உங்க பிள்ளை கல்யாணமா, இந்தச் 'சும்மா'வா?"

"இதுல அவன் இருக்கானா?"

"குரல் மட்டும் இருக்கு."

"குரல் எனக்கு எதுக்குடி? கல்யாணத்தை எடு."

கிழவி இவள் முகத்தையே பார்த்தாள். அப்புறம் சொன்னாள்: "அவனுக்குப் பத்து வயசிருக்கும்போது எனக்குக் காது போச்சு. அவன் குரல் உடைஞ்சப்போ எப்படி மாறுச்சுன்னுகூட எனக்குத் தெரியாது. நீ இத்தனை வருஷம் கேட்டுட்ட. எனக்குப் பார்த்தது மட்டும்தான்."

நத்தை ஏழு கல்யாணத்தையும் எட்டாவதாகத் தன் கல்யாணத்தையும் குறித்துப் புதுசுக்கு அனுப்பினாள். எல்லாம் போய்ச் சேரச் சாயங்காலம் ஆனது. பழசை நிறுத்தாமல் விட்டாள். விடிந்து பார்த்தால் சத்தமே இல்லை. மெக்கானிக் வந்து எடுத்துப் போனான். சில நாள் கழித்துத் திருப்பிக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்துவிட்டு, டீகூடக் குடிக்காமல் போய்விட்டான்.

இப்போது மாமியார் மத்தியானம் சாப்பிட்டதும் வந்து உட்கார்ந்துகொள்கிறாள். மகன் கல்யாணம் ஓடுகிறது. நத்தை சத்தத்தை அணைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து வேறு வேலை பார்க்கிறாள்.

அவர்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. எடுக்கிறவன் குரலை வெட்டிவிட வேண்டும். அது வாடிக்கையாளர் காதில் விழக்கூடாது. அந்த ஏழு கல்யாணத்திலும் அவன் குரல் கிடந்தது. "இந்தப் பக்கம் திரும்புங்க," "அம்மா, அந்தக் குடையை மடக்குங்க," "சிரிங்க, காசா பணமா." அந்நியர்களிடம் பேசியது. இவளிடம் பேசியது ஒரு சொல் இல்லை. இவள் வெட்டவில்லை. பாட்டைக் கொஞ்சம் தணித்து, ஒவ்வொன்றிலும் ஓரிடத்தில் விட்டு வைத்தாள்.

முதல் வீடியோ போன வீட்டிலிருந்து பெண்ணின் அப்பா போன் செய்தார். "நல்லா வந்திருக்கும்மா. ஆனா நடுவுல யாரோ ஒருத்தர் பேசுறாரு, பாட்டு கெட்டுப்போகுது. அதை எடுத்துடலாமா?"

"அது எடுத்தவருங்க," என்றாள்.



"எங்க பெரியவங்களையெல்லாம் சிரிக்க வச்சாரே, அந்தத் தம்பியா?"

"ஆமாங்க."

"சரிம்மா," என்றார் அவர். "அது இருக்கட்டும்."