மட்கார்டுக்குக் கொடுத்த முட்டு

என் பைக்கின் முன் மட்கார்ட் எப்போதும் கடகடவென்று ஆடும். அதை அடக்க, பழைய கட்டிலின் இரும்புப் பட்டையை வெட்டி நானே முட்டுக் கொடுத்தேன். வாஷர் போடவில்லை, நட்டை இறுக்கினால் போதும் என்று நினைத்தேன்.

மறுநாள் மனைவியோடு ஹேவாஹெட்டவிலிருந்து மலைப்பாதையில் கண்டிக்கு இறங்கினேன். சத்தமே இல்லை. பெருமையாக இருந்தது. திடீரென்று 'டக், டக்' என்றது.

"என்னங்க, மறுபடி ஆடுதா?"

"அது ஒண்ணுமில்ல."

அடுத்த வளைவில் ஹேண்டில் உதறியது. பக்கத்தில் பள்ளம். பின் பிரேக்கை மட்டும் மெல்ல மிதித்து நிறுத்தினேன். நட் கழன்று தொங்கிய பட்டையின் முனை சக்கரக் கம்பிகளை உரசிக்கொண்டிருந்தது.

மனைவி என் சட்டையை விடவே இல்லை. "கழட்டிப் போடுங்க. மட்கார்ட் கத்திக்கிட்டே வரட்டும்."

இப்போது மட்கார்ட் பழையபடி ஆடுகிறது. சத்தம் நின்றால்தான் பைக்கை ஓரங்கட்டி இறங்கிப் பார்க்கிறேன்.