காதில் இருந்த விளம்பரம்

மார்க்கெட்டிங் துறையினருக்குக் கற்பனைத்திறன் பயிற்சி நடத்துவது என் தொழில். வேலப்பன்சாவடியில் ஒரு அரங்கில் நடந்ததை நினைத்தால் இன்னும் மலைப்பாக இருக்கிறது.

"உங்ககிட்ட இருக்கிற ஒரு பொருளுக்கு ஒரு நிமிஷம் விளம்பரம் செய்யுங்க" என்றேன். ஹெல்மெட், டிபன் பாக்ஸ் என்று ஒவ்வொருவரும் விளம்பரம் செய்ய, அரங்கமே சிரிப்பில் அதிர்ந்தது. கடைசியாகப் பட்டாபிராமிலிருந்து வந்திருந்த ஒரு பெண் மேடையேறினார். காதிலிருந்து எதையோ கழற்றி மேசையில் வைத்தார். உதட்டில் விரலை வைத்தபடி அப்படியே நின்றார்.

பயந்துவிட்டார் என்று நினைத்து, "ஆரம்பிங்க மேடம்" என்றேன். திரும்பவே இல்லை. "இன்னா மேடம், மறந்துட்டீங்களா?" என்று பின்வரிசையில் ஒருவர் கத்தினார். அதற்கும் அசையவில்லை. மெல்ல அரங்கம் அடங்கியது. மின்விசிறியின் கிறீச், ஹைவேயில் லாரி ஹாரன், பக்கத்து அறையில் டீ கிளாஸ்கள் உரசும் ஒலி. காலையிலிருந்து என் பேச்சில் இவை எதுவும் எனக்குக் கேட்கவில்லை.

அவர் மேசையில் வைத்த அந்தக் காது கேட்கும் கருவியை மறுபடி மாட்டிக்கொண்டார்.

"இப்ப உங்களுக்குக் கேட்டுச்சே, அதுல ஒண்ணுகூட எனக்குக் கேக்கல சார். இத மாட்டினா கேக்குது. அவ்ளோதான் விளம்பரம்."

 

இப்போதெல்லாம் பயிற்சியில் யாராவது பேசாமல் நின்றால் நான் உதவிக்கு ஓடுவதில்லை. மின்விசிறியின் சத்தம் கேட்கும்வரை காத்திருக்கிறேன்.