செக்கரின் சிவப்பு அம்புகள்

அவர் சட்டையை முதலில் உள்பக்கம் வெளியே வரும்படி திருப்புகிறார். ஜன்னலோரம் கொண்டுபோய் வெளிச்சத்துக்குப் பிடிக்கிறார். காலர், தோள், கைக்குழி, பக்கத் தையல், காஜா என்று வரிசையாகப் பார்த்து முடித்த பிறகுதான் போட்டுக்கொள்கிறார். பத்து வருடமாகப் போடுகிற சட்டைதான். முந்தாநாள் துவைத்ததைத் தவிர அதற்கு ஒன்றும் நேர்ந்துவிடவில்லை. ஆனாலும் பார்த்தாக வேண்டும். முன்பு அரை நிமிடத்தில் முடிந்த வேலை. இப்போது இடது கை நடுங்குவதால் கால் மணி நேரம் ஆகிறது. மனைவி கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருப்பாள். உதவிக்குப் போனால் கோபித்துக்கொள்வாரோ என்று முன்பெல்லாம் பயப்படுவாள். இப்போது கோபித்துக்கொள்ள மாட்டாரே என்பதுதான் அவள் பயம்.

ரெடிமேட் சட்டை தைக்கும் கம்பெனியில் முப்பத்தொரு வருடம், தைத்து வந்ததில் குறை பார்க்கும் செக்கர் வேலை. தெருவில் அவர் பெயரைச் சொல்லிக் கேட்டால் உதட்டைப் பிதுக்குவார்கள். செக்கர் என்றால் வாசல்வரை கொண்டுவந்து விடுவார்கள். தலைக்கு மேல் டியூப் லைட், எதிரே மேசை, கைக்கெட்டும் தூரத்தில் சின்னச் சின்ன சிவப்பு அம்பு ஸ்டிக்கர் தாள். நூல் நீண்டிருந்தால், தையல் விட்டிருந்தால், பட்டன் ஒரு மயிரிழை தள்ளியிருந்தால் அந்த இடத்தைக் காட்டி ஓர் அம்பு. தைத்த பெண்கள் முறைப்பார்கள். அவர் சொல்வார்: "அம்பு வாங்கினதுக்கு ஏம்மா மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கறே? சரிபண்ண முடியும்னாத்தான் அம்பு. முடியாதுன்னா நான் எதுக்கு ஸ்டிக்கரை வீணாக்கறேன்? நேரா ரிஜெக்ட் பெட்டிதான்."

அந்தக் குணம் கம்பெனி வாசலோடு நிற்கவில்லை. "உப்பு ஒரு கல்லு கூட", "குழாய் சொட்டுது, காதுல விழுதா?", "காலண்டர் இடப்பக்கம் சாஞ்சிருக்கு" என்று வீட்டிலும் வாயாலேயே அம்பு ஒட்டிக்கொண்டே இருப்பார். கல்யாணத்துக்குப் போனால் அவருக்கென்று பார்த்து ஆடுகிற நாற்காலிதான் அமையும். வெளியூரில் இருக்கும் மகள் போனில், "அப்பா இன்னிக்கு எத்தனை குறைம்மா கண்டுபிடிச்சாரு?" என்று கேட்பாள். மனைவி விரல்விட்டு எண்ணிச் சொல்வாள், இருவரும் சிரிப்பார்கள்.

அப்படிப்பட்டவர் ஒருநாள், "இடது தோள் வலிக்குது" என்றார். மனைவி தைலம் தேய்த்துவிட்டாள். மறுநாளும் வலித்தது. மூன்று மாதம் வலித்தது. எலும்பு டாக்டர் படம் எடுத்துப் பார்த்துவிட்டு வயசு என்றார். ஆக, உப்பு, குழாய், காலண்டர் வரிசையில் தோளும் சேர்ந்துகொண்டது.

அவளுடைய அண்ணன் புது வீடு கட்டி விருந்து வைத்தார். மேல் அலமாரியிலிருந்து தட்டுகளை எடுத்துத் தரச் சொன்னபோது செக்கரின் கை தோளுக்கு மேல் போகவில்லை. "முடியல மச்சான், உயிர் போற வலி" என்றார். கூடத்தில் பதினைந்து பேர் இருப்பார்கள். அவள் கரண்டியும் கையுமாக நின்றபடி சொன்னாள்: "அவரை விடுங்கண்ணே. அவருக்கு வலிக்காத நாள் எது? பொறந்தப்பவே தொட்டில் சரியில்லைன்னு அழுதிருப்பாரு."

கூடமே குலுங்கியது. எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தது அவள்தான். அவரும் சிரித்தார். அதற்குப் பிறகு அவர் தோளைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. கொஞ்ச நாளில் உப்பைப் பற்றியும் திறக்கவில்லை. "ஒருவழியா மனுஷன் திருந்திட்டாருடி" என்று மகளிடம் பெருமையடித்துக்கொண்டாள். இன்று அதை நினைத்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது அவளுக்கு.

அடுத்த வருடம் அவர் கையெழுத்து பொடிப்பொடியாகச் சிறுத்தது. நடக்கும்போது இடது கை வீசவில்லை. பிறகு நடுக்கம். நரம்பு டாக்டரம்மா நடக்கச் சொல்லி, விரலைத் தட்டச் சொல்லிப் பார்த்துவிட்டு, பார்க்கின்சன் என்றார். "சில பேருக்கு நடுக்கத்துக்கு ரொம்ப முன்னாடியே தோள்வலி வரும். உங்களுக்கு வந்துச்சா?"

அந்தப் பதினைந்து பேரும் அந்தச் சின்ன அறைக்குள் வந்து நின்றுகொண்டது போல் இருந்தது மனைவிக்கு. அவர் அவள் பக்கம் ஒருமுறை திரும்பினார். "அப்படி ஒண்ணும் இல்லீங்க" என்றார். ஒரு நூல் பிசகினால் விடாத மனிதர், கண்ணுக்கு நேரே இருந்த குறையை அன்று விட்டுவிட்டார். அவள் அப்போதாவது "வந்துச்சு டாக்டர், நான்தான் நம்பல" என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. மருந்துச் சீட்டை வாங்கிப் பையில் மடித்து வைத்துக்கொண்டாள். விருந்தன்று பேசியதுகூட விளையாட்டுக்குப் பேசியது என்று மனதைத் தேற்றிக்கொள்ளலாம். இந்த மௌனத்துக்கு அவளிடம் ஒரு சாக்கும் இல்லை.

இப்போது வலி தோளோடு நிற்பதில்லை. விடியும் நேரத்தில் இடது பாத விரல்கள் உள்ளே சுருட்டிக்கொள்கின்றன. கட்டில் சட்டத்தை இறுக்கிப் பிடித்திருக்கும் கையைப் பார்த்துத்தான் அதை அவள் தெரிந்துகொண்டாள். முகத்தில் ஒன்றும் தெரியாது. இந்த நோய் அவர் முகத்தை இஸ்திரி போட்டு வைத்துவிட்டது. சுளிப்பும் ஏறுவதில்லை, சிரிப்பும் ஏறுவதில்லை. வாயும் சொல்லாவிட்டால் வலி இருப்பதே யாருக்கும் தெரியப்போவதில்லை.

"மத்தவங்க வலி வலின்னு என் உயிரை வாங்குவாங்க. இவர் என்னடான்னா பரவாயில்லைங்கறாரு" என்று டாக்டரம்மா அலுத்துக்கொண்டார். "எங்க வலிக்குது, எந்த நேரத்துல, மாத்திரையோட வேகம் இறங்கறப்பவா? அது தெரிஞ்சாத்தான் நான் மருந்தை மாத்த முடியும். வெள்ளிக்கிழமை வர்றப்ப எழுதிட்டு வாங்க."

எதை எழுதுவது? அவள் அவர் வாயைக் கிளறிப் பார்த்தாள். உப்பை அள்ளிப் போட்டாள். "நல்லாருக்கு" என்று இரண்டு டம்ளர் தண்ணீர் குடித்தார். காலண்டரைக் கோணலாக மாட்டினாள். தலையைக் கோணலாக வைத்துத் தேதி பார்த்துக்கொண்டார்.

"அப்பாவுக்குப் பொறுமை வந்திடுச்சும்மா" என்றாள் மகள்.

"பொறுமை இல்லடி. என் வாய்க்குப் பயந்துட்டாரு."

வியாழக்கிழமை காலை அவருடைய பழைய கம்பெனிப் பையைக் குடைந்தாள். டிபன் டப்பா, இஞ்சு டேப்பு, அடியில் பாதி தீர்ந்த அம்புத் தாள் ஒன்று. மாத்திரை டப்பாவோடு அதையும் அவர் முன்னால் வைத்தாள்.

"அன்னிக்கு அண்ணன் வீட்ல எல்லாரும் உங்களைப் பாத்துச் சிரிச்சாங்களே, சிரிக்க வெச்சவ நான். டாக்டர் கேட்டப்பவும் கம்முனு உக்காந்திருந்தேன். நினைச்சா உடம்பே கூசுதுங்க. நீங்க என்கிட்ட வாயால சொல்ல வேணாம். வலிக்கிற இடத்துல ஒட்டிடுங்க. நான் மணி பாத்து எழுதிக்கறேன்."

அவர் தாளைக் கையில் எடுத்தார். பிறகு நகத்தால் ஓரத்தை நெம்பத் தொடங்கினார். அம்பு வரவில்லை. வந்தது விரலில் ஒட்டிக்கொண்டது. அதைப் பிரிக்க இன்னொரு விரல். உதவத் துடித்த கைகளை அவள் தொடைக்கு அடியில் வைத்து அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முதல் அம்பு தோளுக்குப் போனது. இரண்டாவது கழுத்துக்கு. முழங்கை, இடுப்பு, கெண்டைக்கால். கடைசியாகக் குனிந்து, மூச்சு வாங்க, பாதத்தில் ஒன்று.

அவள் எண்ணினாள். ஆறு. தோளையும் பாதத்தையும் தவிர எதுவும் அவளுக்குத் தெரியாது. ஒரே வீட்டில், ஒரே கட்டிலில் இருந்துகொண்டு தெரியாது.

"கழுத்தும் இடுப்பும் மாத்திரை போட்டா விட்டுடும்" என்றார். குரல் தாழ்ந்திருந்தது. "தோளு விடாது. எழுதிக்கோ." எழுதினாள். "அந்தக் காலண்டர் நாலு நாளா கோணலா தொங்குது. பாத்தியா இல்லையா?"

"பாத்தேங்க." பேனாவை வைத்துவிட்டு அவர் எதிரே நகர்ந்து உட்கார்ந்தாள். "எனக்கும் ஒண்ணு ஒட்டுங்க."

விடு, அதெல்லாம் எதுக்கு என்பார் என்றுதான் நினைத்தாள். அவர் அவள் முகத்தை ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பினார். இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார். நடுங்கும் விரல்களால் ஓர் அம்பைப் பிரித்தெடுத்து, கூர்முனை உதட்டைக் காட்டும்படி அவள் தாடையில் நேராக வைத்து, உதிர்ந்துவிடாமலிருக்கப் பெருவிரலால் அழுத்தினார்.