வட்டல் காலி

குழந்தையைச் சாப்பிட வைப்பதில் எங்கள் தெருவில் என் அம்மாவுக்குப் பெரிய பேர் இருந்தது. அதை வாங்கிக் கொடுத்தவள் நான்தான். அப்போது எனக்கு எட்டு வயது.

அதற்கு முன்னால், ஒரு வாய்ச் சோற்றுக்காக அம்மாவை வீடு முழுக்க ஓட விட்டவளும் நான்தான். ஒருநாள் அவருக்கு அலுத்துப்போயிற்று. சமையலறையில் தட்டை என் முன்னால் வைத்து, தின்றால் தின், இல்லாவிட்டால் விடு என்று சொல்லிவிட்டு முன்னறையில் போய் டிவி பார்க்க உட்கார்ந்துவிட்டார். திரும்பி வந்தபோது தட்டு, அம்மா பேச்சில் வட்டல், காலி. சமையலறை ஜன்னலுக்கு வெளியே, எங்கள் சுவருக்கும் மூடிக்கிடந்த ஒரு மில்லின் காம்பவுண்டுக்கும் நடுவில் ஆள் நுழைய முடியாத சந்து ஒன்று இருந்தது. கீரைச் சோறு மொத்தமும் அங்கே போயிருந்தது. அம்மா என் தலையைத் தடவிக் கொடுத்தார். அவருடைய சந்தோஷத்தைக் கெடுக்க மனம் வரவில்லை என்று சொன்னால் அது பாதி உண்மை. நாளைக்கும் கொட்டலாம் என்று தோன்றியது மீதிப் பாதி.

பிஸ்கட், பொரி, கடலை மிட்டாய் என்று டப்பாவில் இருந்ததையெல்லாம் தின்றுகொண்டிருந்ததால் நான் கொழுகொழுவென்றுதான் இருந்தேன். அம்மாவின் முறைக்கு நானே சாட்சி. சிங்காநல்லூரில் எங்கள் தெருமுனையில் ஸ்கூல் வேனுக்காக நிற்கும் அம்மாக்கள் அவரிடம் யோசனை கேட்க ஆரம்பித்தார்கள். கருமத்தம்பட்டியில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தபோது, சொந்தக்காரப் பெண் ஒருத்தி பந்தியிலிருந்து எழுந்து வந்து கேட்டாள். அம்மா பத்தாவதைத் தாண்டாதவர். அதுவரை யாரும் அவரிடம் எதையும் கேட்டுத் தெரிந்துகொண்டதில்லை.

மாடி வீட்டில் ஓர் அத்தை இருந்தார். சொந்தமில்லை, நான் அப்படிக் கூப்பிடுவேன். அவருக்கு மூன்று வயதில் ஒரு பையன், குச்சி மாதிரி இருப்பான். பெருந்துறையிலிருந்து வந்துபோன மாமியார், வளர்க்கத் தெரியாதவளுக்கு எதற்குப் பிள்ளை என்று கேட்டுவிட்டுப் போயிருந்தார். அத்தை எங்கள் வீட்டுக்கு வந்து அழுதார்.

“நீ பக்கத்துலயே நிக்கறதுதான் கண்ணு தப்பு,” என்றார் அம்மா. “வட்டல்ல சோத்தப் போட்டு வெச்சுப்போட்டு வந்துரு. அதுவே உண்ணும்.”

முழுப்பரீட்சை லீவு விட்டிருந்தார்கள். காலையில் அவன் குடிப்பது ஒரு டம்ளர் பால்தான்; மத்தியானமும் சாயங்காலமும் எங்கள் வீட்டில் என்னோடு உண்பது என்று ஏற்பாடாயிற்று. எங்கள் இருவரையும் சமையலறையில் உட்காரவைத்துவிட்டு அம்மாவும் அத்தையும் முன்னறைக்குப் போய்விடுவார்கள். முதல் நாள் அவன் தட்டைத் தொடவே இல்லை. எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. அவன் உண்ணாவிட்டால் அம்மாவின் முறையில் சந்தேகம் வரும், அப்புறம் என் தட்டின்மேலும் வரும். முக்காலியை ஜன்னலோரம் இழுத்துப் போட்டு, கம்பிகளுக்கு நடுவில் எப்படிக் கொட்டுவது என்று காட்டினேன். தட்டு காலியானால்தான் நல்ல பையன் என்றும் சொல்லிக் கொடுத்தேன். மூன்றே நாளில் என்னைவிடச் சுத்தமாகக் கொட்டப் பழகிவிட்டான்.

காலித் தட்டைப் பார்த்து அத்தைக்குக் கண் கலங்கிவிட்டது. முறுக்குச் சுட்டு ஒரு டப்பா நிறைய அம்மாவுக்குக் கொண்டுவந்தார். அதிலும் பாதியை நான்தான் தின்றேன். அவனுக்கு ஒன்று எடுத்துக் கொடுக்க எனக்குத் தோன்றவே இல்லை.

மே மாதக் கடைசியில் அவன் நாலு படி ஏறுவதற்குள் உட்கார்ந்துவிடுவான். இப்போதெல்லாம் தட்டு நிறைய உண்கிறான் என்று அத்தை டாக்டரிடம் பெருமையாகச் சொன்னாராம். அப்படியும் இளைக்கிறான் என்றால் உடம்பில் வேறு ஏதோ இருக்க வேண்டும் என்று டாக்டர் முதலில் பூச்சி மருந்து கொடுத்தார், பிறகு ரத்தப் பரிசோதனைக்கு எழுதினார். கையில் ஒட்டியிருந்த பஞ்சை அவன் என்னிடம்தான் முதலில் காட்டினான். ரிப்போர்ட் வரும்வரை நான் சாமியிடம் வேண்டிக்கொண்டது, அவன் நன்றாக இருக்க வேண்டும் என்றல்ல. ஏதாவது ஒரு நோய் இருந்துவிடட்டும், சின்னதாக, என்றுதான். இதை இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை.

நோய் ஒன்றும் இல்லை, உடம்பில் சத்துதான் இல்லை என்று ரிப்போர்ட் வந்தது. அன்று மத்தியானம் அத்தை முன்னறைக்குப் போகவில்லை. அம்மாவும் நானும் பார்த்துக்கொண்டிருக்க, பருப்புச் சோற்றில் நெய் விட்டுப் பிசைந்து அவனிடம் கொடுத்து, நல்ல பையனாகக் காலி பண்ண வேண்டும் என்று கெஞ்சினார். அவன் தலையாட்டிவிட்டு எழுந்தான். முக்காலியை இழுத்தான். ஏறி நின்று பிடிபிடியாக வெளியே தள்ளி, கடைசியில் தட்டை விரலால் வழித்துவிட்டு, இறங்கி வந்து நீட்டினான்.

“வட்டலு காலி. நான் நல்ல பையன்தான?” என்றான். பிறகு என்னைப் பார்த்தான். “ஏனக்கா?”

அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஒரு கணம்தான். அதற்குள் அத்தை ஜன்னலுக்குப் போய் எட்டிப் பார்த்திருந்தார். கத்தப்போகிறார் என்று நினைத்தேன். அவர் திரும்பி வந்து பையனின் கையைப் பிடித்து, ஊசி போட்ட இடத்தைத் தடவினார்.

“நரம்பு கெடைக்காம மூணு தடவை குத்துனாங்கக்கா,” என்றார்.

அம்மா என் பக்கம் திரும்பவே இல்லை. தப்பு தன்மேல்தான் என்றும், ஒருநாளாவது உள்ளே வந்து பார்த்திருக்க வேண்டும் என்றும் சொன்னார். அத்தை பையனைத் தூக்கிக்கொண்டு மேலே போய்விட்டார். அம்மா என்னை அடிக்கவில்லை. அடித்திருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

பள்ளிக்கூடம் திறந்த பிறகு, என்னை வேனில் ஏற்றியதும் அம்மா வீட்டுக்குத் திரும்பிவிடுவார். புதிதாகக் குடிவந்த யாரோ யோசனை கேட்டபோது, தனக்கு ஒன்றும் தெரியாது என்றார். இப்போது என் மகனுக்கு மூன்று வயது. செல்போனைக் காட்டினால்தான் வாயைத் திறக்கிறான். அம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்கலாம் என்று வாய்வரை வரும், விழுங்கிவிடுவேன்.

மாடி வீட்டுப் பையன் அந்த வருஷமே தேறிவிட்டான். அத்தை அவன் பின்னால் ஓடி ஓடி ஊட்டும் சத்தம் கீழே கேட்கும். ஒருநாள் அம்மா ஒரு கிண்ணத்தில் பாயசம் எடுத்துக்கொண்டு மேலே போனார். நானும் பின்னால் போனேன். அத்தை கதவைத் திறந்தார். உள்ளே வரச் சொல்லவில்லை.

“ஏனுங்க, பையன் சோறு உண்டானுங்களா?” என்று கேட்டார் அம்மா.

“உண்டானுங்க,” என்றார் அத்தை.

அம்மாவைவிடப் பத்து வயது சின்னவர் அவர்; அதுவரை அம்மா அவரைக் கண்ணு என்றுதான் கூப்பிடுவார். இரண்டு பேரும் இவ்வளவு மரியாதையாகப் பேசிக்கொள்கிறார்களே, சண்டை இல்லை, எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்து, நான் இரண்டிரண்டு படியாகக் குதித்துக் கீழே ஓடினேன்.